குடலுக்கும் விந்தணுவுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கேள்வியில் உள்ள விவரங்களை முதலில் ஒருமுறை எடுத்து எழுதிக்கொள்கிறேன். வயது 34, மணமாகி மூன்று ஆண்டுகள், இரவுப் பணி, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. மனைவிக்கு 31 வயது, அவருடைய பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. உங்கள் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 18 மில்லியன் விந்தணுக்களும், முன்னேறிச் செல்லும் அசைவு 21 சதவீதமும் பதிவாகியிருக்கின்றன. குடலில் நல்ல பாக்டீரியா குறைந்துபோனதுதான் காரணம் என்று சொல்லி, நண்பர் ஒருவர் புரோபயாட்டிக் காப்ஸ்யூல் சாப்பிடச் சொல்கிறார். குடலுக்கும் விந்தணுவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, காப்ஸ்யூல் போதுமா, உணவில் எதை மாற்ற வேண்டும், பழைய சோறு நல்லதா என்று கேட்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது விலங்குகளில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பக்கூடியது நீங்கள் தினமும் உண்ணும் உணவும் உங்கள் இடுப்பளவும்தான். காப்ஸ்யூலுக்கு அந்த வலு இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் மூன்று மாதம் பொறுமையாகக் கடைப்பிடிக்க முடியும்.

முதலில் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, எண்ணிக்கையின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம். முன்னேறும் அசைவின் கீழ் எல்லை 30 சதவீதம். ஆகவே உங்கள் எண்ணிக்கை எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது, குறை அசைவில்தான். நான் பல ஆண்டுகள் விந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால், அந்த 21 என்ற எண் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். பத்து மைக்ரான் ஆழமே உள்ள கண்ணாடி அறைக்குள் ஒரு துளியை வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சில விந்தணுக்கள் பார்வை வட்டத்தை நேர்கோட்டில் கடந்து போகும். சில வால் துடித்தும் இடம் பெயராமல் ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். சில அசையவே அசையாது. முதல் வகையைத்தான் முன்னேறும் அசைவு என்று எண்ணுகிறோம். உங்கள் மாதிரியில் நூற்றுக்கு இருபத்தொன்று அப்படிப் போயிருக்கின்றன. இந்த எல்லைகள், ஓராண்டுக்குள் இயற்கையாகக் கருத்தரித்த தம்பதிகளின் ஆண்களில் மிகக் குறைந்த அளவு கொண்டிருந்த ஐந்து சதவீதத்தினரை வைத்துக் குறிக்கப்பட்டவை. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை, மேலே இருந்தால் உறுதியாகப் பிறக்கும் என்றும் பொருள் இல்லை. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு எடுப்பதும் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால்கூட இன்றைய ரிப்போர்ட் தாழ்ந்திருக்கும்.

ஏன் இரண்டு மாதத்துக்கு முந்தைய காய்ச்சல்? விந்தகத்தில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள் குழாயில் ஏறத்தாழ பத்து நாட்களுக்கு மேல் பயணம் செய்யும்போதுதான் அது நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆகவே இன்று நீங்கள் கொடுக்கும் மாதிரியின் பெரும்பகுதி, சென்ற மூன்று மாதங்களில் உங்கள் உடல் எப்படி இருந்தது என்பதையே காட்டுகிறது. உணவு மாற்றத்தை ஒரு மாதத்தில் எடைபோடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி குடலுக்கு வருவோம். நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றில் பியூட்டிரேட்தான் குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான உணவு. அது போதிய அளவு கிடைக்கும்போது அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, குடலில் இருப்பவை இரத்தத்துக்குள் கசியாமல் காக்கின்றன. விந்தகத்திலும் இதேபோன்ற அரண் ஒன்று இருக்கிறது. செர்டோலி செல்கள் கைகோத்து நின்று, வளரும் விந்தணுக்களை இரத்தத்தில் உள்ள நச்சுகளிலிருந்தும் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்தும் பிரித்துவைக்கின்றன. இது பாதுகாப்புக்கு மட்டும் ஏற்பட்டதன்று. விந்தணுக்கள் பருவ வயதில்தான் முதன்முதலாக உண்டாகின்றன. அதற்குள் நம் நோயெதிர்ப்பு மண்டலம் எது தன்னுடையது என்று கற்று முடித்திருக்கும். அரண் இல்லாவிட்டால் உடல் தன் விந்தணுக்களையே அந்நியமாகக் கருதித் தாக்கும்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டு அரண்களையும் இணைத்துக் காட்டியது. பிறந்தது முதல் உடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் விந்தக அரண் தளர்ந்து கசிந்தது. டெஸ்டோஸ்டிரோனும், அதைத் தூண்டும் மூளைச் சுரப்பியின் ஹார்மோன்களும் குறைவாக இருந்தன. பியூட்டிரேட்டை நிறைய உற்பத்தி செய்யும் ஒரே ஒரு வகை பாக்டீரியாவை அந்த எலிகளின் குடலில் குடியேற்றியபோது அரண் மீண்டும் இறுகியது. குடலில் வாழும் ஓர் உயிர், ஒருபோதும் தான் நேரில் தொடாத விந்தகத்தின் சுவரைச் சீராக்கிவிட்டது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி.

குடல் அரண் தளர்ந்தால் இரத்தத்துக்குள் போவது எது? பெரும்பாலும் எண்டோடாக்சின். இது சில வகைக் குடல் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள ஒரு பொருள். குடலுக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. இரத்தத்தில் கலந்தால் உடல் அதைத் தொற்று என்றே எடுத்துக்கொண்டு அழற்சியைத் தொடங்குகிறது. கொழுப்பு மிகுந்த உணவும், தொப்பையும், மதுவும் இந்தக் கசிவை அதிகப்படுத்துகின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் கெல்டன் ட்ரெமெல்லன் 2016இல் முன்வைத்த கருத்து இதுதான்: உடல் பருமன் உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குக் குடலிலிருந்து கசியும் எண்டோடாக்சின் ஒரு முக்கியக் காரணம், அது விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லெய்டிக் செல்களின் வேலையைத் தடுக்கிறது. இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விந்தணுவின் மேலுறை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்புகளால் ஆனது. தலையில் மரபுப்பொருளைச் சுமந்துகொண்டு நீந்துவதற்காகத் தன் செல்திரவத்தில் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டதால், சேதத்தைச் சரிசெய்யும் நொதிகளும் அதனிடம் சொற்பமே. அழற்சியில் பிறக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் முதலில் தாக்குவது இந்த மேலுறையையும், வாலுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களையும்தான். எண்ணிக்கை ஓரளவு சரியாக இருந்தும் அசைவு மட்டும் விழுந்துபோவதற்கு இது ஒரு வழி.

உணவா, கொழுப்பா, நுண்ணுயிரா, இவற்றில் எது குற்றவாளி என்று பிரித்துக் காட்டிய சோதனை சீனாவிலிருந்து 2020இல் வந்தது. கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளின் குடல் நுண்ணுயிர்களை எடுத்து, வழக்கமான தீவனம் தின்னும் வேறு எலிகளின் குடலுக்கு மாற்றினார்கள். அந்த எலிகள் கொழுப்புத் தீவனத்தைத் தொடவில்லை. இருந்தும் அவற்றின் விந்தணு உற்பத்தியும் அசைவும் குறைந்தன. ஆக, நுண்ணுயிர்த் தொகுதியே பாதிப்பைச் சுமந்து செல்ல முடியும் என்பது அதில் உறுதியானது. மற்றொரு சீனக் குழு 2022இல் செம்மறியாடுகளில் வேறொரு பாதையைக் கண்டது. ஆற்றல் மிகுந்த தீவனத்தால் குடல் நுண்ணுயிர்கள் மாறின. அதனால் பித்த அமிலங்கள் குறைந்தன. பித்த அமிலம் குறைந்ததால் வைட்டமின் ஏ உறிஞ்சப்படவில்லை. விந்தணு முதிரத் தொடங்குவதற்கான சமிக்ஞையே வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது என்பதால் விந்தகம் பட்டினி கிடந்தது. தீவனத்தில் வைட்டமின் இருந்தும் உடலுக்குச் சேரவில்லை. வைட்டமின் மாத்திரை போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆடுகள் நினைவுக்கு வருவதுண்டு.

ரோம் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒருபடி மேலே சென்றது. குடலைத் தாண்டி உடலில் சேராத ஆண்டிபயாட்டிக்குகளை ஆண் எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் நுண்ணுயிர்களைக் குலைத்தார்கள். அந்தத் தந்தைகளுக்குப் பிறந்த குட்டிகளில் எடை குறைந்தவையும் விரைவில் இறந்தவையும் அதிகமாக இருந்தன; தாயின் நஞ்சுக்கொடி சரியாக வளராதது அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. தந்தையின் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பிய பின் கருத்தரித்தால் இந்தப் பாதிப்பு இல்லை. இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதித் தரும் ஆண்டிபயாட்டிக்கை நிறுத்திவிடாதீர்கள்; தேவையான தொற்றுக்கு அது கட்டாயம் தேவை. ஒவ்வொரு சளிக்கும் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி நான்கு மாத்திரை போடும் பழக்கம் இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் எலியும் ஆடும். எலிக்குக் கொடுக்கும் கொழுப்புத் தீவனத்தில் ஆற்றலில் பாதிக்கும் மேல் கொழுப்பிலிருந்து வருவதுண்டு. பெரும்பாலான மனிதர்கள் மாதக்கணக்கில் அப்படி உண்பதில்லை. மனிதர்களிடம் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் மிகச் சிறியவை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2017ஆம் ஆண்டு ஸ்பெயின் ஆய்வில், அசைவு குறைந்த 9 ஆண்கள் மூன்று வாரம் இரண்டு வகைப் பாக்டீரியாக்களை உட்கொண்டார்கள், அசைவு கூடியது. ஒன்பது பேர், மூன்று வாரம். ஒரு விந்தணு உருவாகும் காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு உங்களிடம் மாதாமாதம் பணம் வாங்குவது நியாயமில்லை என்பதே என் கருத்து. சிறிய ஆய்வுகளை நம்பிப் பரவிய பழக்கத்துக்கு என்ன நேரும் என்பதற்கு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் கதையே சான்று. பல ஆண்டுகளாகக் குழந்தையின்மைக்கு வரும் ஆண்களுக்கெல்லாம் இந்த இரண்டும் எழுதித் தரப்பட்டன. அமெரிக்காவில் 2,370 ஆண்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான பெரிய சோதனையில், இவற்றை உட்கொண்டவர்களுக்குக் குழந்தை பிறப்பும் கூடவில்லை, விந்தின் தரமும் உயரவில்லை. விந்தணுவின் மரபுப்பொருள் (டி.என்.ஏ.) முறிவு சற்றுக் கூடியது, வயிற்றுத் தொல்லைகளும் கூடின.

உணவு முறை பற்றிய மனித ஆய்வுகள் இதைவிட நம்பிக்கை தருபவை. டென்மார்க்கில் ஏறத்தாழ 2,900 இளைஞர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பீட்சா, சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சி, இனிப்புப் பானம் என்று உண்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாகவும், மீன், கோழி, காய்கறி, பழம் என்று உண்டவர்களுக்கு மிக அதிகமாகவும் இருந்தது. இது கணக்கெடுப்புதான், காரணத்தை நிரூபிக்காது. ஸ்பெயினில் 2018இல் முடிவு வெளியான சோதனை அதைவிட வலுவானது: 119 ஆரோக்கியமான ஆண்களில் ஒரு பாதிக்கு 14 வாரம் தினமும் 60 கிராம் பாதாம், வால்நட், ஹேசல்நட் கொடுத்தார்கள், அவர்களுடைய எண்ணிக்கையும் அசைவும் உயர்ந்தன, மரபுப்பொருள் முறிவு குறைந்தது. உங்களுக்கு மிகவும் பொருந்தக்கூடியது கோபன்ஹேகன் ஆய்வு, 2022இல் வெளியானது. உடல் பருமன் உள்ள ஆண்கள் எட்டு வாரம் கடுமையாகக் கலோரி குறைத்து எடை இழந்தபோது விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. ஓராண்டு கழித்தும் எடை திரும்பாமல் காத்தவர்களிடமே அந்த உயர்வு நிலைத்தது. நம் இன ஆண்களுக்கு இடுப்பளவின் பாதுகாப்பான எல்லை 90 செ.மீ. நீங்கள் 104. நான் உங்கள் இடத்தில் இருந்தால் புரோபயாட்டிக்கைப் பற்றி நினைக்கும் முன் இந்தப் பதினான்கு சென்டிமீட்டரைப் பற்றித்தான் நினைப்பேன்.

உணவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரவுப் பணி முடிந்து வரும் வழியில் பரோட்டாவும் சால்னாவும், பணியிடையே நான்கு சர்க்கரைத் தேநீர், வீட்டில் வெள்ளைச் சோறு என்று எழுதியிருந்தீர்கள். இந்த உணவில் குடல் பாக்டீரியாவுக்கு அனேகமாக ஒன்றுமே இல்லை. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது; அதே அளவு வெந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றில் ஒன்று தினமும் ஒரு கோப்பை. கீரையோ, வாழைத்தண்டோ, அவரையோ ஒரு பெரிய பொரியல். சோற்றின் அளவில் பாதி. இதுவே பெரும் மாற்றம். சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஒரு வகை நார், பாக்டீரியாக்களுக்கு மிகவும் பிடித்தமானது. முதல் நாளே அளவைக் கூட்டினால் வயிறு உப்பி, இரண்டாம் நாளே வெறுத்துவிடுவீர்கள். மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை மத்தி அல்லது அயிலை, வறுக்காமல் குழம்பாக. ஒரு கைப்பிடி பாதாமோ வால்நட்டோ. கொறிப்பதற்கு மிக்சருக்குப் பதிலாக இருக்கட்டும், அதோடு சேர்த்து அல்ல. வனஸ்பதியில் சுட்ட பப்ஸ், பிஸ்கட் வகைகளை நிறுத்துங்கள். தேநீர் குடிக்கலாம்; சர்க்கரையைக் குறையுங்கள்.

பழைய சோறு பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இரவு தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றின் மாவுப்பொருளில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் வரை சென்று பியூட்டிரேட் ஆகிறது. சின்ன வெங்காயத்தோடு மோர் விட்டுச் சாப்பிட்டால் குடலுக்கு உகந்த எளிய உணவுதான். ஆனால் அதை விந்தணு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நல்ல உணவு, அவ்வளவே. சர்க்கரை நோய் இருந்தால் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும். இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் இறந்துவிடுகின்றன. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் பழைய சோறும் தயிரும் மோருமே வழி.

குடலையும் விந்தணுவையும் இணைக்கும் இன்னொரு செய்தியை இங்கே சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் வீணாக்கியவர்களின் ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் சல்ஃபாசலசின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாத்திரையை இரண்டாக உடைக்கின்றன: ஒன்று குடலை ஆற்றும் மருந்து, மற்றொன்று சல்ஃபாபிரிடின், இரத்தத்தில் கலந்து விந்தணு எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கும் பொருள். மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் விந்தணுக்கள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்; குடல் நோய்க்கு மெசலசின் என்ற மாற்றும் இருக்கிறது. அந்த மாத்திரை நீங்கள் சாப்பிடுபவராக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல், குழந்தைக்கு முயல்கிறோம் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேபோல ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ உடல் கட்டும் ஸ்டீராய்டோ கொடுத்தால் கையால் தொடாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளைச் சுரப்பி விந்தகத்துக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும்; எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம்.

உணவை மாற்றத் தொடங்கும் அதே வாரத்தில் ஆண்கள் நலம் பார்க்கும் சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) உடல் பரிசோதனைக்குச் செல்லுங்கள். விதைப்பையில் இரத்தக்குழாய்கள் புடைத்து நிற்கும் வெரிகோசீல், நூறு ஆண்களில் பதினைந்து பேரிடம் இருக்கிறது. குழந்தையின்மைக்காக வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. நிற்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுகொள்வார். அது உங்களுக்கு இருந்தால் கீரையும் பயறும் மட்டும் சரிசெய்யாது. புகையோ வாயில் அடக்கும் புகையிலையோ இருந்தால் இன்றே விடுங்கள். மது அருந்துபவர் என்றால், குடல் கசிவைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

அடுத்த விந்துப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் செய்யுங்கள். முன்பு எத்தனை நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தீர்களோ அதே இடைவெளியில் கொடுங்கள். அது இரண்டுக்குக் குறையாமலும் ஏழுக்கு மேற்படாமலும் இருக்கட்டும். வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதானால் உடல் சூட்டிலேயே வைத்து அரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். குளிர்ந்துபோன மாதிரியில் நல்ல விந்தணுவும் நின்றுவிடும். இடைப்பட்ட காலத்தில் காய்ச்சல் வந்தால் தேதியைக் குறித்துவைத்து, மாதிரி கொடுக்கும்போது அங்கே சொல்லுங்கள். இந்த மூன்று மாதமும் முயற்சியை நிறுத்த வேண்டியதில்லை.